வாழைக்கன்று பிள்ளையா, அதே வாழையா?

இந்த மாதம் வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே விஷயத்தைத்தான் சுற்றி வருகின்றன. விதை போட்டால் ஒன்று வருகிறது, குச்சி நட்டால் வேறொன்று வருகிறது, பூத்தும் காய்க்கவில்லை, பூக்காமலே பெருகுகிறது. முப்பத்தொரு வருடம் தாவரவியல் ஆசிரியையாக இருந்தவள் நான். இந்தப் பாடம் வந்தால் மணி அடித்த பிறகும் நிறுத்த மனம் வராது. சில பதில்கள் நீண்டுவிட்டன.

கேள்வி: அம்மா, பூசணிக் கொடி நன்றாகப் படர்ந்து நிறையப் பூத்தது. முதல் இரண்டு வாரம் ஒரு பிஞ்சுகூட இல்லை. இப்போது வருகிற பிஞ்சுகளும் எலுமிச்சை அளவிலேயே மஞ்சளாகி உதிர்கின்றன. உரம் போதவில்லையா?

உரத்தின் மேல் பழி போடாதீர்கள். பூசணியில் ஆண் பூ தனி, பெண் பூ தனி, இரண்டும் ஒரே கொடியில் வரும். முதலில் வருபவை பெரும்பாலும் ஆண் பூக்கள்தான். அந்த இரண்டு வாரமும் நீங்கள் பார்த்தது அவற்றைத்தான்.

பெண் பூவின் இதழுக்குக் கீழே குட்டிப் பூசணி போல ஓர் உருண்டை இருக்கும். அதைத்தான் நீங்கள் பிஞ்சு என்கிறீர்கள். உண்மையில் அது சூலகம், விதைகள் உருவாகும் பை. பூ விரிவதற்கு முன்பே, கருவுறுவதற்கு முன்பே அது அங்கே இருக்கிறது. மகரந்தம் வந்து சேர்ந்தால் காயாகும். சேராவிட்டால் கொடி அதற்கு மேல் எதையும் செலவழிக்காது, மஞ்சளாக்கி உதிர்த்துவிடும்.

பெண் பூவுக்குக் கிடைப்பது ஒரே ஒரு காலைப்பொழுது. விடியலில் விரியும், உச்சிவேளைக்குள் சுருங்கத் தொடங்கிவிடும். அதற்குள் தேனீ வர வேண்டும். பூசணியின் மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது. காற்று அதைத் தூக்கிக்கொண்டு போகாது.

தேனீ வராவிட்டால் நீங்களே செய்யலாம். அன்று காலை விரிந்த ஆண் பூ ஒன்றைப் பறித்து இதழ்களைக் கிழித்து எடுங்கள். நடுவில் மஞ்சள் பொடி அப்பிய தண்டு நிற்கும். அதைப் பெண் பூவின் நடுவில் உள்ள சூல்முடியில், எல்லா மடலும் நனைவது போலத் தடவுங்கள். சில மடல்களில் மட்டும் தடவினால் காய் கோணலாகப் போகலாம். இன்னொன்று, பூக்கும் காலத்தில் காலை நேரத்தில் பூச்சிமருந்து தெளிக்கவே தெளிக்காதீர்கள்.

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறேன். மகரந்தக் குழாய் இரண்டு ஆண் செல்களைக் கொண்டுபோகிறது என்று படித்தோம். முட்டை ஒன்றுதானே? இன்னொன்று எதற்கு? மனப்பாடம் செய்துவிட்டேன், புரியவில்லை.

தம்பி, மனப்பாடத்தைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். முதலில் மகரந்தக் குழாயைக் கண்ணால் பார்த்துவிடுவோம்.

நித்தியகல்யாணிப் பூ ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். அதன் குழலை ஊசியால் கீறினால் மேல்பக்கத்தில் மகரந்தப்பைகள் ஒளிந்திருக்கும். கண்ணாடித் துண்டில் ஒரு சொட்டு சர்க்கரைக் கரைசல், சுமார் 10 சதவீதம், விட்டு அதில் மகரந்தத்தைத் தட்டிவிடுங்கள். கால் மணி முதல் அரை மணி நேரம் கழித்து நுண்ணோக்கியில் பாருங்கள். ஒவ்வொரு மணியிலிருந்தும் ஒரு மெல்லிய குழாய் நீண்டிருக்கும். முதல் தடவை இதைப் பார்த்த ஒரு மாணவி, “டீச்சர், இது உயிரோடு இருக்கிறதா?” என்று கேட்டாள். ஆமாம். மகரந்தத்தைத் தூசி என்று நினைத்திருந்தவர்கள் அதற்கப்புறம் அப்படி நினைப்பதில்லை.

இப்போது மக்காச்சோளத்துக்கு வருவோம். கதிரின் நுனியில் தொங்குகிறதே முடி, அதில் ஒவ்வோர் இழையும் ஒரு பெண் பூவின் சூல்தண்டு. ஓர் இழை, ஒரு சூல் (பிறகு விதையாகப் போவது), ஒரு சோள மணி. மேலோட்டை மெதுவாகப் பிரித்து ஓர் இழையைப் பிடித்துக்கொண்டே போனால், அது ஒரு மணியில்தான் முடியும். கதிரில் அங்கங்கே பல் விழுந்தது போல இடைவெளி இருந்தால் அந்த இடத்து இழைக்கு மகரந்தம் போய்ச் சேரவில்லை, அல்லது சேர்ந்தும் கருவுறவில்லை என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுள்ள மகரந்த மணி, ஓர் அடி நீளம்கூட இருக்கக்கூடிய இழைக்குள் குழாயை வளர்த்துக்கொண்டு ஏறத்தாழ ஒரே நாளில் சூலைத் தொட்டுவிடுகிறது. தன் அளவைப்போல் சுமார் மூவாயிரம் மடங்கு தூரம்!

சரி, உங்கள் கேள்வி. குழாய் சூலுக்குள் இரண்டு ஆண் செல்களை விடுகிறது. ஒன்று முட்டையுடன் சேர்ந்து கருவாகிறது. இன்னொன்று, நடுவில் இருக்கும் பெரிய செல்லுக்குள் போய் அங்கே உள்ள இரண்டு துருவ உட்கருக்களுடன் சேர்கிறது. அம்மா பக்கத்திலிருந்து இரண்டு பங்கு, அப்பா பக்கத்திலிருந்து ஒன்று. இப்படி மூன்று மடங்கு குரோமோசோம் (மரபணுக்களைச் சுமக்கும் இழை) கொண்ட ஒரு திசு உருவாகிறது. அதுதான் முளைசூழ்தசை, கருவுக்கான கட்டுச்சோறு. தேங்காய்க்குள் இருக்கும் தண்ணீரும் பருப்பும் இதே திசுதான். இளநீர் என்பது செல்சுவர் எழும்பாத முளைசூழ்தசை, அதில் உட்கருக்கள் மிதந்துகொண்டிருக்கும். பிறகு அவை ஓட்டோரம் ஒதுங்கிச் சுவர் எழுப்பிக்கொள்ளும்போது வழுக்கை படிகிறது.

இந்த இரட்டைக் கருவுறுதலை 1898-ல் கண்டு சொன்னவர் செர்கெய் நவாஷின் என்ற ரஷ்யத் தாவரவியலாளர். லில்லி வகைப் பூக்களில் பார்த்தார். அடுத்த வருடமே பிரான்சில் கின்யார் என்பவரும் தனியாக அதையே கண்டார்.

எதற்கு இரண்டு என்று கேட்டீர்கள். பைன் மரங்களில் உணவுத் திசு கருவுறுவதற்கு முன்பே தயாராகிவிடுகிறது. கரு உருவாகாவிட்டால் அவ்வளவும் வீண். பூக்கும் தாவரம் அப்படிச் செய்வதில்லை. கருவுற்ற பிறகுதான் உலை வைக்கிறது. முந்தைய பதிலில் பூசணி தன் சூலகத்தை உதிர்த்ததே, அதே சிக்கனம்தான் இதுவும். இரண்டாவது ஆண் செல்லின் வருகையை, சமைக்கத் தொடங்கலாம் என்ற சேதியாக எடுத்துக்கொள்ளுங்கள். இனி மறக்காது.

கேள்வி: மிக நல்ல மாமரம் ஒன்றின் கொட்டையை நட்டு எட்டு வருடம் காத்திருந்தேன். பழம் சிறிது, நார் அதிகம், புளிப்பு. அதே மரத்தில் ஒட்டுக்கட்டிய கன்றை நட்டவருக்கு அச்சு அசலாக அதே பழம். எனக்கு மட்டும் ஏன் இப்படி?

எட்டு வருடக் காத்திருப்பு சாதாரணமல்ல. உங்கள் வருத்தம் புரிகிறது.

நீங்கள் நட்டது அந்த மரத்தை அல்ல, அதன் பிள்ளையை. பிள்ளைக்கு அப்பா என்று ஒருவர் உண்டு. எந்த மரத்து மகரந்தத்தை எந்த ஈ கொண்டுவந்து வைத்ததோ, யாருக்கும் தெரியாது. அப்பா பக்கத்தை விடுங்கள், தாய் மரமே ஒரு கலப்புதான். முட்டை உருவாகும்போது அதன் குணங்கள் பாதியாகப் பிரிந்து புதிதாகச் சேர்கின்றன. அதனால் தன் மகரந்தத்தாலேயே கருவுற்றாலும் பிள்ளை தாயைப் போல இருக்கும் என்று சொல்ல முடியாது. ஒரே வயிற்றில் பிறந்த அண்ணன் தம்பிகள் ஒரே மாதிரியாகவா இருக்கிறார்கள்?

ஒட்டுக்கன்றின் கிளை பிறக்கவே இல்லை. அது அதே மரம், வேறு காலில் நிற்கிறது, அவ்வளவுதான்.

ஒரு விதிவிலக்கைச் சொல்லியாக வேண்டும். சில மா வகைகளில் ஒரு கொட்டையிலிருந்து மூன்று நான்கு முளை வரும். அவற்றில் பெரும்பாலானவை கருவுற்ற முட்டையிலிருந்து வந்தவை அல்ல. சூலுக்குள் இருக்கும் தாயின் திசுவே கருவாக மாறி முளைத்தவை. அதாவது விதை வேடத்தில் வந்த நகல்கள். எலுமிச்சை, ஆரஞ்சுக் குடும்பத்திலும் இது சகஜம். அப்படிப்பட்ட வகையாக இருந்திருந்தால் கொட்டையிலிருந்தே தாயைப் பெற்றிருப்பீர்கள்.

மரத்தைக் கோபத்தில் வெட்டிவிட வேண்டாம். நன்கு வேரூன்றிய மரம், அதன் கிளைகளில் நல்ல வகையை ஒட்டுக்கட்டலாம். இதையும் நினைத்துப் பாருங்கள்: நீங்கள் ஆசைப்பட்ட அந்த வகையும் ஒருநாள் இப்படி ஒரு கொட்டையிலிருந்து, யாரும் எதிர்பாராமல் வந்த பிள்ளைதான்.

கேள்வி: வாழைக்கு விதை உண்டா? பக்கத்தில் வரும் கன்றைத் தாயின் பிள்ளை என்று சொல்லலாமா?

பழத்தைக் குறுக்கே வெட்டிப் பாருங்கள். நடுவில் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள். விதையாகாமல் நின்றுபோன சூல்கள் அவை. காட்டு வாழைகளில் அதே இடத்தில் பல்லை உடைக்கும் கறுப்பு விதைகள் நிறைந்திருக்கும்.

நாம் வளர்க்கும் வாழைகளில் பெரும்பாலானவற்றுக்கு 11 குரோமோசோம் கொண்ட தொகுதி மூன்று, மொத்தம் 33. இனச்செல், அதாவது முட்டையோ ஆண் செல்லோ, உருவாகும்போது குரோமோசோம்கள் ஜோடி சேர வேண்டும். மூன்று பேர் எப்படி ஜோடியாவார்கள்? அங்கேயே தடைப்பட்டுவிடுகிறது. கருவுறாமலே பழம் மட்டும் பருக்கிறது.

கன்றைப் பற்றிக் கேட்டீர்கள். வாழையின் உண்மையான தண்டு மண்ணுக்குள் இருக்கும் கிழங்கு. நாம் மரம் என்று பார்ப்பது இலையடிகள் ஒன்றையொன்று சுற்றி எழுப்பிய தூண். குலை தள்ளியதும் தூண் சாகும், கிழங்கின் பக்க மொட்டு மேலே வரும். அதில் அப்பா இல்லை, கலப்பு இல்லை. ‘வாழையடி வாழை’ என்று தலைமுறைகளைச் சொல்கிறோம். தாவரவியல்படி அங்கே தலைமுறையே மாறவில்லை, அதே ஓர் உயிர் நகர்ந்து நகர்ந்து வாழ்கிறது.

இதில் ஆபத்து உண்டு. குரோ மிஷெல் என்ற வாழைதான் ஒரு காலத்தில் உலக ஏற்றுமதி முழுவதையும் ஆண்டது. எல்லாம் ஒரே செடியின் நகல்கள். பனாமா வாடல் நோயை உண்டாக்கும் பூஞ்சை மண் வழியாக வந்தது. ஒன்றுக்குத் தாங்க முடியாதது எதற்கும் தாங்க முடியாதது. 1950-களிலும் 60-களிலும் தோட்டங்கள் கேவண்டிஷ் வகைக்கு மாறின. அதுவும் நகல்தான். இப்போது அதையும் தாக்கும் புதிய பூஞ்சை இனம் பரவிக்கொண்டிருக்கிறது. நகல் எடுப்பது தவறில்லை, ஆனால் விதை தரும் காட்டு வாழைகளை அழியவிட்டுவிட்டு நகலை மட்டும் நம்பியிருப்பது எனக்குப் பயமாக இருக்கிறது.

கேள்வி: காட்டு ரோஜா வேரில் ஒட்டுக்கட்டினால் பூவின் நிறம் மாறிவிடுமா?

மாறாது. தண்ணீரும் சத்தும் கலக்கும், மரபணு கலக்காது. ஒட்டுக்குக் கீழேயிருந்து துளிர் வந்தால் உடனே கிள்ளிவிடுங்கள், அது காட்டு ரோஜாவின் துளிர்.

கேள்வி: ரணகள்ளியின் இலையோரத்தில் குட்டிச் செடிகள் முளைக்கின்றன. அப்படியானால் அது பூக்காத செடியா?

பூக்கும். பச்சையும் சிவப்புமாக, விளக்குக் கூண்டு போலத் தொங்கும் பூக்கள், விதையும் உண்டு. இலையோரத்து வெட்டுகளை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். ஒவ்வொரு வெட்டிலும் ஒரு மொட்டு உறங்கும். இலை செடியில் இருக்கும்வரை அது பெரும்பாலும் எழாது. இலை விழுந்தாலோ பறித்துத் தொங்கவிட்டாலோ எழுந்து முதலில் வேரும், அப்புறம் இரண்டு சிறிய இலைகளும் விடும். ‘கட்டிப்போட்டால் குட்டிப்போடும்’ என்று இதற்கு ஒரு பெயரே உண்டு. யாரோ ஒருவர் கூர்ந்து பார்த்து வைத்த பெயர், எனக்கு மிகவும் பிடித்தது.

இருக்கிற இடம் ஒத்துப்போனால் குட்டி, தூரத்துக்கு, தெரியாத மண்ணுக்கு அனுப்ப விதை. இரண்டையும் கையில் வைத்திருக்கும் செடிகள் ஏராளம்.

கேள்வி: விதையிலிருந்து மூன்று பப்பாளி வளர்த்தேன். மூன்றும் நீளமான காம்பில் கொத்துக்கொத்தாகப் பூக்கின்றன, ஒன்றும் காய்க்கவில்லை.

மூன்றும் ஆண் மரங்கள். ஆணும் பெண்ணும் தனித்தனியாக இருக்கும் வகையில் விதைக்கு விதை பாதிக்குப் பாதி வாய்ப்பு, மூன்றும் ஆணாக அமைவது எட்டில் ஒரு வாய்ப்பு. உங்களுக்கு அது வாய்த்துவிட்டது. கன்றைப் பார்த்து ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாது, பூக்கும்வரை காத்திருக்கத்தான் வேண்டும். பெண் பூ தண்டை ஒட்டி, தடிமனாக, ஒன்றிரண்டாக வரும்.

அடுத்த முறை ஒரு குழிக்கு மூன்று நான்கு கன்று வையுங்கள், பூத்ததும் தேர்ந்தெடுத்து மற்றதை எடுத்துவிடலாம். அல்லது இருபால் பூ வகையின் விதையை வாங்குங்கள். அது தன்னிலேயே கருவுற்ற விதையாக இருந்தால் மூன்றில் இரண்டு இருபால் மரமாகவும் ஒன்று பெண்ணாகவும் வரும், ஆண் வராது.

இப்போது நிற்கும் மூன்றையும் வெட்டிவிடாதீர்கள். ஒன்றை விட்டுவையுங்கள், நாளை வரப்போகும் பெண் மரத்துக்கு மகரந்தம் வேண்டியிருக்கும்.