புளிசாதத்தை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மகன் மெல்போர்னில் இருக்கிறான். அடுத்த மாதம் நானும் அவன் அப்பாவும் போகிறோம். பல்லாரட் என்ற பழைய தங்க ஊருக்கு ஒருநாள் கூட்டிப்போவதாகச் சொல்கிறான். அங்கே நமக்கு ஒத்துக்கொள்கிற மாதிரி எதுவும் கிடைக்காது, புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போய்விடலாம் என்கிறாள் மருமகள். உங்கள் மகளும் அங்கேதானே இருக்கிறாள், என்ன சொல்கிறீர்கள்?
– வாசகி, திருப்பாதிரிப்புலியூர்

பதில்: மருமகள் அக்கறையோடுதான் சொல்கிறாள், அம்மா. ஆனாலும் அன்று ஒருநாள் டப்பாவை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். அந்த ஊரைப் பார்ப்பதில் பாதி, அங்கே உட்கார்ந்து சாப்பிடுவதுதான்.

1851 ஆகஸ்டில் அந்தப் பக்கம் தங்கம் கிடைத்தது. சில வாரங்களிலேயே மண்வெட்டியும் கூடாரமுமாக ஜனங்கள் வந்து குவிந்தார்கள். அவர்கள் சாப்பிட்டது ஆட்டிறைச்சியும், மாவைத் தண்ணீர் விட்டுப் பிசைந்து நெருப்புச் சாம்பலில் சுட்டெடுத்த டாம்பர் என்கிற ரொட்டியும், பால் சேர்க்காத தேநீரும். மாவு, சர்க்கரை எல்லாம் மாட்டுவண்டியில் வந்து சேரவேண்டும். மழையில் பாதை சேறானால் விலை ஏறிவிடும். தோண்டியவர்களில் பலர் வெறுங்கையோடு வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். ரொட்டி சுட்டவர்களும் விடுதி நடத்தியவர்களும் தங்கிவிட்டார்கள். பல வருஷம் பாண்டியில் ஒரு ஹோட்டல் சமையலறையில் நின்றவள் நான். அதனாலோ என்னவோ, தோண்டியவர்களைவிட அவர்களுக்குச் சமைத்துப் போட்டவர்கள் பக்கம்தான் என் மனசு போகிறது.

முதலில் சாவரின் ஹில். 1850களின் தெருவை அப்படியே கட்டி, 1970இல் திறந்த திறந்தவெளி அருங்காட்சியகம் அது. கதவு திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். தெருவில் ஹோப் பேக்கரி என்று ஒன்று இருக்கிறது, விறகு அடுப்பில் சுடுகிற இடம். அங்கே பேஸ்டி வாங்குங்கள். பார்க்க நம்ம ஊர் சோமாசியைப் பெரிதாக்கியது போல இருக்கும். ஓரத்தைக் கயிறு மாதிரி மடித்து முறுக்கியிருப்பார்கள். உள்ளே இறைச்சி, உருளைக்கிழங்கு, வெங்காயம், டர்னிப், தூக்கலாக மிளகு. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதிச் சுரங்கக்காரர்கள் கொண்டுவந்த பண்டம். கையில் பிடித்து நின்றபடியே சாப்பிட்டுவிடலாம், தட்டு வேண்டாம். குளிர்காற்றில் அந்த ஓரத்தைப் பிட்டதும் உள்ளிருந்து ஆவி வரும். கொஞ்சம் ஆறவிட்டுச் சாப்பிடுங்கள், உருளைக்கிழங்கு நாக்கைச் சுட்டுவிடும். ஒன்று முக்கியம்: சாதாரண பேஸ்டியிலும், "பை" (pie) என்று விற்கிற அடைத்த பண்டத்திலும் இருப்பது பெரும்பாலும் மாட்டிறைச்சி. வேண்டாம் என்றால் காய்கறி போட்டது இருக்கிறதா என்று கேளுங்கள்.

அப்புறம் பிரவுன்ஸ் மிட்டாய்க்கடை. பாகு காய்ச்சி ராஸ்பெரி மிட்டாய் செய்வதைக் கண்ணெதிரே காட்டுகிறார்கள். கொதிக்கும் பாகை உலோகப் பலகையில் கொட்டி, ஓரம் இறுக இறுக மடித்து மடித்துத் திருப்பிப் போடுவார்கள். கை நிற்கவே நிற்காது. ஒரு நொடி தாமதித்தால் பாகு உடைந்துபோகும். சரியான பதத்தில் துண்டு துண்டாக எடுத்து, அச்சு வெட்டிய இரண்டு பித்தளை உருளைகளுக்கு நடுவே விட்டால் மறுபக்கம் சிவப்புத் தகடாக இறங்கும். ஆறியபின் தட்டினால் தனித்தனி மிட்டாய். கம்பிப் பதம், உருட்டுப் பதம் பார்த்துப் பழகியவர்கள் நாம், உங்களுக்குப் பார்க்கப் பார்க்கப் பிடிக்கும். பேரப்பிள்ளைகள் ஓடையில் மண் அரித்துத் தங்கத்துகள் தேடிக்கொண்டிருக்கட்டும், நீங்கள் இங்கே நில்லுங்கள்.

இதற்குமேல்தான் நம்மவர்கள் அவசரப்படுகிறார்கள். மூன்று மணிக்கே காரில் ஏறி, வழியில் நெடுஞ்சாலை ஓரத்து பர்கர் கடையில் நிறுத்தி, ஊர் திரும்பிவிடுகிறார்கள். எனக்கு இது மனசு ஒப்பாத விஷயம். அருங்காட்சியகத்துக்கு வெளியேதான் நிஜமான தங்க ஊர் இருக்கிறது. லிடியார்ட் தெருவுக்குப் போங்கள். தங்கப் பணத்தில் எழும்பிய கட்டடங்கள் இரண்டு பக்கமும் வரிசையாக நிற்கின்றன. 1875இல் கட்டிய ஹெர் மெஜஸ்டிஸ் நாடக அரங்கு, சுரங்கப் பங்குகள் கைமாறிய மைனிங் எக்ஸ்சேஞ்ச், கிரெய்க்ஸ் ராயல் ஹோட்டல். கிரெய்க்ஸில் 1895இல் எழுத்தாளர் மார்க் ட்வைன் வந்து தங்கியிருக்கிறார். அங்கே உட்கார்ந்து ஒரு டீ குடிக்க முடியுமா என்று முன்கூட்டியே போன் செய்து கேட்டுக்கொள்ளுங்கள்.

நேரம்தான் அங்கே சிக்கல். காபிக் கடைகள் பலவும் மூன்று மணிவாக்கில் சாத்திவிடும். பப் என்கிற மதுவிடுதிகளில்தான் சாப்பாடும் கிடைக்கும். அங்கே மதியச் சாப்பாடு பொதுவாக 12 முதல் 2 வரை, ராத்திரிச் சாப்பாடு 6 முதல் எட்டு, எட்டரை வரை. ஒன்பதுக்குப் போனால் குடிக்கக் கிடைக்கும், சாப்பிடக் கிடைக்காது. ஆறு மணிக்கே போய் உட்கார்ந்துவிடுங்கள். பல இடங்களில் பரிமாறுபவர் மேசைக்கு வரமாட்டார். நீங்களே மேசையைப் பிடித்து, அதன் எண்ணைப் பார்த்துக்கொண்டு, கவுண்டரில் போய்ச் சொல்லிப் பணம் கட்டவேண்டும். எதை வாங்குவது என்று புரியாவிட்டால் சிக்கன் பார்மா. பெரிய கோழித் துண்டை ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்து, தக்காளிச் சாறும் சீஸும் போட்டுச் சுட்டது. ஹாம் வைப்பதும் உண்டு, அது பன்றி. வேண்டாம் என்றால் சொல்லிவிடுங்கள். ஒரு தட்டு உங்கள் இரண்டு பேருக்கும் போதும். டிப்ஸ் கட்டாயமில்லை. ஞாயிறும் அரசு விடுமுறையும் என்றால் பில்லில் கொஞ்சம் கூடுதல் கட்டணம் சேர்ப்பார்கள், அதைப் பார்த்துச் சண்டைக்குப் போகவேண்டாம்.

கேள்வி: நாங்கள் முட்டைகூடச் சாப்பிடாதவர்கள். எங்களுக்கும் இதே பதில்தானா?
– வாசகர், சிதம்பரம்

பதில்: இல்லை சார், உங்களுக்கு வேறு பதில். "வெஜிடேரியன்" என்ற ஒரு சொல் அங்கே போதாது. இறைச்சி, மீன், முட்டை வேண்டாம், இறைச்சி வேகவைத்த சாறும் வேண்டாம் என்று ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். பரங்கிக்காய் சூப், ரிசோட்டோ என்கிற இத்தாலிய அரிசிச் சாப்பாடு எல்லாம் பெயரில் சைவம். அடியில் கோழிச் சாறு இருக்கலாம். பேக்கரிப் பண்டங்களின் மேலே மினுங்குவது பெரும்பாலும் முட்டை தடவியது. உருளைக்கிழங்கு சிப்ஸை மாட்டுக் கொழுப்பில் பொரிக்கிற கடைகள் இன்னும் உண்டு. எந்த எண்ணெய் என்று கேட்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளமாட்டார்கள். ஒவ்வாமைக்காரர்கள் தினமும் கேட்கிற கேள்விதான் அது.

பல்லாரட்டில் இந்திய உணவகங்களும் இருக்கின்றன. ராத்திரிக்கு அங்கே போய்விடலாம். புளிசாதம் உங்களுக்கு மட்டும் அனுமதி. வெண்டூரி ஏரிக்கரையில் பெஞ்சு போட்டிருக்கிறார்கள். எதிரிலேயே தாவரவியல் தோட்டம். அன்னங்கள் கிட்டே வரும், அவற்றுக்குச் சோறு போடாதீர்கள்.

கேள்வி: பாண்டிக்காரன் கேட்கிறேன், தப்பாக நினைக்கவேண்டாம் அக்கா. தங்க ஊர் என்றால் பழைய மதுக்கூடங்கள் இருக்குமே?
– வாசகர், முத்தியால்பேட்டை

பதில்: இதில் தப்பு என்ன தம்பி. அந்த ஊர் வரலாற்றில் பாதி மதுக்கூடத்தில்தான் நடந்திருக்கிறது.

ஆரம்ப வருஷங்களில் தங்க வயல்களில் மது விற்கவே தடை. அதனால் காபி, எலுமிச்சைச் சாறு என்று பலகை மாட்டிய கூடாரங்களுக்குள் திருட்டுத்தனமாக ஊற்றினார்கள். போலீஸ் வந்தால் கூடாரத்தையே கொளுத்துவார்கள். பிற்பாடு உரிமம் கொடுத்தபோது முளைத்த விடுதிகளில் ஒன்று ஜேம்ஸ் பெண்ட்லி என்பவரின் யுரேகா ஹோட்டல். 1854 அக்டோபரில் ஜேம்ஸ் ஸ்கோபி என்ற ஸ்காட்லாந்துத் தொழிலாளி அந்த விடுதிக்குப் பக்கத்தில் அடித்துக் கொல்லப்பட்டார். பழி பெண்ட்லி மேல் விழுந்தது. அதிகாரிகள் அவரை விட்டுவிட்டார்கள். அக்டோபர் 17 அன்று ஆயிரக்கணக்கில் திரண்ட தொழிலாளர்கள் அந்த ஹோட்டலை எரித்துச் சாம்பலாக்கினார்கள். தங்கம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் மாதம் 30 ஷில்லிங் உரிமக் கட்டணம் என்ற கோபம் ஏற்கனவே புகைந்துகொண்டிருந்தது. இரண்டும் சேர்ந்து டிசம்பர் 3ஆம் தேதி விடியற்காலை அரசுப் படையோடு துப்பாக்கிச் சண்டையாக வெடித்தது. 20க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் செத்தார்கள். அவர்கள் ஏற்றிய நீலக்கொடியை யுரேகா மையத்தில் வைத்திருக்கிறார்கள். கிழிந்த துணிதான், ஆனால் அதன் முன்னால் நிற்கும்போது தொண்டை அடைக்கிறது. குடிக்கப் போவதற்கு முன்னால் அங்கே போய் வா.

கிரெய்க்ஸ் ஹோட்டலைப் பற்றியும் ஒரு கதை சொல்வார்கள். உரிமையாளர் வால்டர் கிரெய்க், தன் குதிரை நிம்பிள்ஃபுட் மெல்போர்ன் கோப்பையில் ஜெயிப்பதாகவும், ஓட்டுகிறவன் கையில் துக்கத்துக்கான கறுப்புப் பட்டி இருப்பதாகவும் கனவு கண்டாராம். பந்தயத்துக்கு முன்னாலேயே அவர் இறந்துபோனார். 1870இல் குதிரை ஜெயித்தது. கனவு எவ்வளவு நிஜமோ, குதிரை ஜெயித்தது நிஜம்.

இனி உனக்கு வேண்டியது. பீர் கேட்டால் "பாட்" என்பது 285 மில்லி, "பைன்ட்" 570 மில்லி. பாண்டி விலையை மனசில் வைத்துக்கொண்டு போகாதே, ஒரு பைன்ட் விலையில் இங்கே நண்பர்களுக்கும் சேர்த்து வாங்கலாம். முதலில் ஒரு பாட் வாங்கிப் பார். ஒயின் பிடிக்குமென்றால் பல்லாரட்டுக்கு மேற்கே பிரனீஸ் மலைப்பக்கத்து ஷிராஸ் என்கிற சிவப்பு ஒயின் கேள். மது விற்கிற இடத்தில் குடிதண்ணீர் இலவசமாகத் தரவேண்டும் என்பது அந்த மாநிலச் சட்டம், கூச்சப்படாமல் கேட்டு வாங்கு. வண்டி ஓட்டுகிறவருக்கு ரத்தத்தில் மது அளவு 0.05 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. தற்காலிக உரிமம் என்றால் ஒரு சொட்டும் கூடாது. அதனால் ரயிலில் போ. மெல்போர்ன் சதர்ன் கிராஸ் நிலையத்திலிருந்து ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான். 2023 மார்ச் கடைசியிலிருந்து, மெல்போர்ன் நகருக்குள் ஒருநாள் சுற்றுகிற கட்டணத்துக்கு மேல் வாங்குவதுமில்லை.

கேள்வி: பல்லாரட்டா, பெண்டிகோவா? ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது.
– வாசகி, லாஸ்பேட்டை

பதில்: பெண்டிகோவும் அதே பக்கத்துப் பழைய தங்க ஊர்தான். பிள்ளைகள் கூட வந்தால் பல்லாரட். சாப்பாட்டுக்காகவே போகிறீர்கள் என்றால் பெண்டிகோ. 2019இல் யுனெஸ்கோ அந்த ஊரை உணவுக் கலைக்கான படைப்பு நகரமாக அறிவித்திருக்கிறது. தங்கம் தேடி வந்த சீனர்களில் பலர் பிறகு தோட்டம் போட்டு ஊருக்குக் காய்கறி கொடுத்தார்கள். இறைச்சியும் ரொட்டியுமாகக் கிடந்தவர்களின் தட்டில் கீரை விழுந்தது அவர்களால்தான். அவர்களுடைய கதையை கோல்டன் டிராகன் அருங்காட்சியகத்தில் பாருங்கள். பால் மால் தெருவில் 1897இல் எழுந்த ஷாம்ராக் ஹோட்டல் கட்டடத்தை வெளியிலிருந்து ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிட்டு உள்ளே போங்கள். ரயிலில் இரண்டு மணி நேரம்.

கேள்வி: ஆஸ்திரேலியா வரை போக எங்களுக்கு வசதி இல்லை. பக்கத்தில் தங்க ஊர் எதுவும் இல்லையா?
– ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி, நெய்வேலி

பதில்: இருக்கிறது ஐயா, அதுவும் நம்ம ஜனங்களின் வியர்வையில் எழும்பிய ஊர். கோலார் தங்கவயல். விழுப்புரம், காட்பாடி வழியாக பங்காருப்பேட்டை. அங்கிருந்து மாரிக்குப்பம் வரை போகும் கிளைப்பாதையில் உரிகம், சாம்பியன் என்று நிலையங்களின் பெயரே சுரங்கக் கதை சொல்லும். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனம் வேலையைத் தொடங்கியது. பல்லாரட்டில் பேஸ்டி சாப்பிட்ட அதே கார்ன்வால் சுரங்கக்காரர்களின் சொந்தபந்தம் இங்கேயும் வந்து இறங்கியது. வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்த தமிழ்க் குடும்பங்கள்தான் 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் வரை இறங்கி வெட்டின. 2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடிவிட்டார்கள். கீழே இறங்கிப் பார்க்க முடியாது. வெளியே, தங்கம் பிரித்தெடுத்தபின் கொட்டிய சயனைட் மண்மேடுகள் மலைபோல நிற்கின்றன.

சாப்பாட்டுக்கு ராபர்ட்சன்பேட்டை கடைத்தெரு. தமிழிலேயே கேட்டு வாங்கலாம். திரும்பும்போது பங்காருப்பேட்டையில் இறங்கி பானிபூரி சாப்பிடாமல் வராதீர்கள். அந்த ஊர் பானிபூரித் தண்ணீர் பச்சையாக இருக்காது, வெறும் தண்ணீர் மாதிரி தெளிந்து இருக்கும். வாயில் போட்டால்தான் காரம் தெரியும். நீங்கள் சுரங்கத்தில் இருந்தவர். அங்கே டீக்கடையில் உட்கார்ந்து நெய்வேலியிலிருந்து வருகிறேன் என்று சொல்லுங்கள், பழைய தொழிலாளி ஒருவராவது பக்கத்தில் வந்து உட்காருவார். எனக்கு அதுதான் அந்த ஊரில் பெரிய விருந்து.

கேள்வி: ஜூலையில் பல்லாரட் போனால் குளிர் தாங்குமா?
– வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: பகலிலேயே 10 டிகிரியைத் தாண்டுவது கஷ்டம், காற்று வேறு வீசும். ஸ்வெட்டருக்கு மேலே காற்றுப் புகாத கோட்டு, காதை மூடுகிற குல்லாய், கனமான காலுறை. பப்பில் உட்காரும்போது கணப்புக்குப் பக்கத்து மேசையைக் கேட்டு வாங்குங்கள்.