விரால் விட்டால் ஜிலேபி ஒழியுமா?

பண்ணைக்குட்டை முழுக்க ஜிலேபி மீன் (திலாப்பியா). எத்தனை விரால் விடலாம்? (மேலூர் வாசகர்)

குட்டையின் பரப்பு என்ன, கோடையில் தண்ணீர் எவ்வளவு நிற்கும், இருக்கிற ஜிலேபி என்ன அளவு? இந்த மூன்றையும் எழுதாமல் 'எத்தனை' என்று கேட்டால் ஜோசியம்தான் சொல்ல வேண்டும். பொதுவாக 20 ஜிலேபிக்கு ஒரு விரால் என்று தொடங்கலாம். அதற்கு முன் வலை போட்டுப் பெரியதையெல்லாம் அரித்து எடுத்துவிடுங்கள். வாய்க்கு அடங்கியதைத்தான் விரால் தின்னும். உள்ளங்கை அகல ஜிலேபியை முதுகு முள்ளோடு அது விழுங்காது. தாய்மீன் முட்டையை வாயிலேயே வைத்துப் பொரிக்கிற இனம் இது; பெரியது நாலு தப்பினாலும் மறுபடி குஞ்சு மொய்க்கும்.

விரால் குஞ்சு விட்டேன், ஒன்றுகூட மிஞ்சவில்லை. ஏன்? (சிவகங்கை வாசகர்)

விரல் நீளக் குஞ்சை விட்டிருப்பீர்கள். பெரிய மீன் பாதியைத் தின்றிருக்கும். மீதி ஒன்றையொன்று தின்றிருக்கும். ஒரு சாணாவது வளர்ந்ததை, ஒரே அளவாகப் பார்த்து விடுங்கள். கரையைச் சுற்றி வலை வேலியும் கட்டுங்கள். மழை இரவில் ஈரத்தரையில் நெளிந்தே அடுத்த குட்டைக்குப் போய்விடும்.

கொடுவா (கடலோரக் கழிமுகத்து மீன்) விடலாமா?

விடலாம். நன்னீரில் வளரும், ஆனால் அங்கே குஞ்சு பொரிக்காது. தீரத் தீர வாங்கி விட வேண்டும். வாய்க்கு அடங்கும் கணக்கு இதற்கும் உண்டு.

'நாட்டுக் கெளுத்திக் குஞ்சு, ஒரே மாதத்தில் ஜிலேபியைக் காலி பண்ணும்' என்று மலிவாகத் தருகிறார்கள். வாங்கலாமா? (பெயர் வேண்டாம் என்கிறார்)

வாங்காதீர்கள். எத்தனை முறை எழுதினாலும் இந்தக் கேள்வி நின்றபாடில்லை. நம் நாட்டுக் கெளுத்தி பெரும்பாலும் ஒரு சாணோடு நின்றுவிடும். அது ஒரு மாதத்தில் குட்டையைக் காலி பண்ணுமாம்! உங்களிடம் தள்ளப் பார்ப்பது ஆப்பிரிக்கக் கெளுத்தியாகத்தான் இருக்கும். அதை வளர்க்க 2000ஆம் ஆண்டிலிருந்தே தடை. ஜிலேபியைத் தின்னாதா என்றால், தின்னும். கூடவே உங்கள் கட்லா, ரோகு குஞ்சையும், தவளையையும், காசு கொடுத்து வாங்கிவிட்ட விராலையும் தின்னும். ஒரு மீட்டருக்கு மேல் வளரும். கரை உடைந்து ஆற்றில் இறங்கிவிட்டால் எந்த வலையும் அதை முழுசாகத் திருப்பிக் கொண்டுவராது. குஞ்சு இருக்கும் பையைத் தூக்கி வெளிச்சத்தில் அதன் முதுகைப் பாருங்கள். நம் கெளுத்திக்கு முன்துடுப்பு குட்டையாக, முள்ளோடு நிற்கும். பின்னால் சதைத்துடுப்பு தனியாகத் தெரியும். ஆப்பிரிக்கக் கெளுத்திக்கு ஒரே துடுப்பு வால்வரை ஓடும். பொடிக்குஞ்சில் அடையாளம் பிடிபடாவிட்டால் தாய்மீனைக் காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுக்கிறவரிடம் எதையும் வாங்காதீர்கள்.

ஜிலேபி நம்மூர் மீன்தானே? ஏன் பகைக்கிறீர்கள்?

ஆப்பிரிக்க மீன். 1952இல் இந்தியாவுக்கு வந்தது. 1959இல் பரப்புவதற்குத் தடை போட்டார்கள், அதற்குள் கைமீறிவிட்டது.

கண்மாய்க்கும் இதே வழியா?

கண்மாய்க்குக் கோடைதான் முதல் மருந்து. வற்றும்போது பள்ளங்களில் ஒதுங்கும் ஜிலேபியை ஒன்று விடாமல் பிடித்துவிடுங்கள். விரால் சேற்றில் புதைந்து தாக்குப்பிடிக்கும். மழைக்கு முன் வரத்துக்கால் (கண்மாய்க்குத் தண்ணீர் வரும் வாய்க்கால்) வாயில் சிறுகண் வலை கட்டுங்கள். அதைக் கட்டாமல் அடுத்த வருடம் எனக்கு எழுத வேண்டாம்.

மீன்தொட்டி 'டேங்க் கிளீனர்' ஏரியில் பெருகிவிட்டது. விரால் தின்னுமா?

உடம்பெல்லாம் எலும்புத் தகடு, துடுப்பெல்லாம் முள். வளர்ந்ததை விரால் தொடாது. வலையில் வந்ததைத் திரும்பத் தண்ணீரில் வீசாமல் கரையில் குழி தோண்டிப் புதையுங்கள்.