மரத்தூளா, வைக்கோலா? ஈரத்தை முதலில் பாருங்கள்

வணக்கம். பன்னிரண்டு கோழிகள் உள்ள கொட்டகையில் மரத்தூள் பரப்பியிருப்பதாகவும், இரண்டே வாரத்தில் கண்ணெரியும் நெடி வருவதால் வைக்கோலுக்கு மாறலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். மாற வேண்டாம் என்பதே என் கருத்து. நறுக்காத வைக்கோல் எச்சத்தோடு சேர்ந்து பாய்போல் படிந்து, மேலே காய்ந்தும் அடியில் ஊறியும் கிடந்து, பூஞ்சை பிடிக்கும். நைசான மரத்தூளும் தூசி கிளப்பிக் கோழிகளைத் தும்ம வைக்கும் என்பதால், மரச்சீவலையோ நெல் உமியையோ 5 முதல் 10 செ.மீ. உயரத்துக்குப் பரப்புவது நல்லது.

ஆனால் அந்த நெடி அம்மோனியா. எச்சத்திலுள்ள யூரிக் அமிலத்தை ஈரத்தில் பெருகும் நுண்ணுயிரிகள் சிதைப்பதால் வருவது. எனவே கூளத்தை, அதாவது தரையில் பரப்பும் பொருளை, மட்டும் மாற்றினால் நெடி திரும்ப வரும். ஒரு பிடி கூளத்தை இறுக்கிப் பிடித்துக் கையைத் திறந்து பாருங்கள்: உருண்டையாகவே நின்றால் ஈரம் அதிகம், மெல்ல உதிர்ந்தால் சரி. பெரும்பாலும் தண்ணீர்க் கலத்தைச் சுற்றித்தான் கட்டி பிடித்திருக்கும். கலத்தைக் கோழியின் முதுகு மட்டத்துக்கு உயர்த்தி, நனைந்த கூளத்தை அள்ளி வெளியேற்றி, மீதியை வாரம் இருமுறை கிளறி விடுங்கள். நெடியை அடக்கச் சிலர் சுண்ணாம்பு தூவச் சொல்வார்கள். காரத்தன்மை கூடினால் அம்மோனியா இன்னும் வேகமாக வெளியேறும் என்பதால், கோழிகள் உள்ளே இருக்கும்போது அதைச் செய்யாதீர்கள்.