பயிற்சிக் கட்டணம் கட்டும் முன் ஒரு மாதிரித் தேர்வு எழுதிப் பாருங்கள்

கேள்வி: எனக்கு 27 வயது. நான்கு ஆண்டுகளாகக் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். எம்.பி.ஏ. படிக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. ஜிமேட் (மேலாண்மைப் படிப்புக்கான நுழைவுத் தேர்வு) வகுப்பு, விண்ணப்பக் கட்டுரைத் திருத்தம், நேர்காணல் பயிற்சி எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பயிற்சி நிலையம் என்னுடைய மூன்று மாதச் சம்பளத்தைக் கேட்கிறது. இந்த வாரத்துக்குள் சேர்ந்தால் தள்ளுபடி உண்டாம். என் சேமிப்பு ஏழு மாதச் சம்பளம். மாதச் செலவுக்குச் சம்பளத்தில் பாதி போய்விடும். நான்கு மாதம் வேலையை விட்டுவிட்டு முழுமூச்சாகப் படி என்கிறாள் தோழி. பணத்தைக் கட்டலாமா? வேலையை விடலாமா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். எம்.பி.ஏ. ஆசையைத் தள்ளிப்போடச் சொல்லவில்லை. செலவின் வரிசையை மாற்றச் சொல்கிறேன்.

முதலில் கணக்கைப் பார்த்துவிடுவோம். பயிற்சிக்கு மூன்று மாதச் சம்பளம். வேலையை விட்டால் வராமல் போகும் சம்பளம் நான்கு மாதம். கூட்டினால் ஏழு. நான்கு ஆண்டுகளில் நீங்கள் சேர்த்த தொகையும் அதேதான். கையில் என்ன மிஞ்சும்? பயிற்சிக்கு மூன்றும், நான்கு மாதச் செலவுக்கு இரண்டும் போக, இரண்டு மாதச் சம்பளம் இருக்கும். அதற்குள் தேர்வுக் கட்டணம், ஒவ்வொரு கல்லூரிக்கும் தனித்தனி விண்ணப்பக் கட்டணம், இடம் கிடைத்தவுடன் கட்ட வேண்டிய முன்பணம் எல்லாம் அடங்க வேண்டும். அந்த முன்பணம் பெரும்பாலும் திரும்ப வராது. குறுகிய கெடுவுக்குள் கட்டியும் ஆக வேண்டும். அப்போது கையில் பணமில்லாமல் தனிநபர் கடன் வாங்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். கல்விக் கடன் தொடங்குவதற்கு முன்பே வேறொரு வட்டி ஓடத் தொடங்கிவிடும்.

உங்களுக்கு எதில் உதவி வேண்டும் என்பது இன்னும் உங்களுக்கே தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளச் செலவே இல்லை. ஜிமேட் நடத்தும் அமைப்பே இரண்டு முழு மாதிரித் தேர்வுகளை இலவசமாகத் தருகிறது. பட்ட மேற்படிப்புகளுக்கான பொது நுழைவுத் தேர்வான ஜிஆர்இக்கும் அப்படியே. ஜிமேட் கேட்கும் மேலாண்மைக் கல்லூரிகளில் பெரும்பாலானவை இந்த இரண்டில் எதை எழுதினாலும் ஏற்றுக்கொள்கின்றன. ஆகவே இரண்டிலும் ஒவ்வொன்றை எழுதிப் பார்த்து, எது உங்கள் கைக்கு வசப்படுகிறது என்று முடிவு செய்யுங்கள். இப்போதைய ஜிமேட்டில் கணிதம், மொழித்திறன், தரவு ஆய்வு என மூன்று பிரிவுகள். ஒவ்வொன்றுக்கும் 45 நிமிடம். மொத்தம் 64 கேள்விகள். மதிப்பெண் 205 முதல் 805 வரை. கணக்குப் பிரிவில் அட்டவணைகளோடு பழகிய உங்களுக்குத் தரவு ஆய்வு அந்நியமாக இருக்காது என்று நினைக்கிறேன்.

என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஓர் இளைஞர் தம்முடைய பிழைக் குறிப்பேட்டைக் காட்டினார். ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு கட்டங்கள்: எந்தக் கேள்வி, எத்தனை நிமிடம், ஏன் தவறியது, மறுபடி என்றைக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். முதல் மாதிரித் தேர்வில் 29 கேள்விகள் தவறியிருந்தன. அவற்றில் 11 கேள்விகளுக்கு எதிரே சிவப்பு மையில் ஒரே காரணம் எழுதியிருந்தார்: 'கடைசி வரியைப் படிக்கவில்லை'. சூத்திரம் தெரியாமல் தவறியவை நான்குதான். அந்த நான்கைக் கற்றுக்கொள்ள மூன்று மாதச் சம்பளம் எதற்கு?

இன்னொருவர் உங்களைப் போலவே கடைசி நாள் தள்ளுபடி என்று கேட்டு ஓடிப்போய்ச் சேர்ந்தார். மூன்றாவது வாரத்திலும் வகுப்பில் சதவீதம் நடத்திக்கொண்டிருந்தார்கள். அவருக்குத் தடுமாற்றம் வாசித்துப் புரிந்துகொள்வதில்தான். பணத்தைத் திரும்பக் கேட்டபோது, ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கத்தில் இருந்த வரியைக் காட்டினார்கள்: முதல் வகுப்புக்குப் பிறகு கட்டணம் திருப்பித் தரப்படாது. ஆகவே தள்ளுபடி போனால் போகட்டும். பயிற்சி தேவைப்பட்டால், நீங்கள் பின்தங்கிய பிரிவுக்கு மட்டும் சில மணி நேரம் தனியாகச் சொல்லிக்கொடுப்பவரைத் தேடுங்கள். கட்டுரைத் திருத்தத்தையும் நேர்காணலையும் இப்போதே சேர்த்து வாங்க வேண்டாம். எந்தக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கப் போகிறோம் என்று தெரிவதற்கு முன் அவற்றால் பயனில்லை.

பழைய புத்தகங்களை வாங்குவதில் தவறில்லை. பதிப்பைப் பார்த்து வாங்குங்கள். ஜிமேட்டின் இன்றைய வடிவம் நவம்பர் 2023இல் வந்தது. அதில் வடிவியலும் வாக்கியத் திருத்தமும் இல்லை. அதற்கு முந்தைய புத்தகத்தில் இவற்றைப் படிப்பது உங்கள் நேரத்தை வீணாக்கும். ஜிஆர்இ எழுதுவதாக இருந்தால் வடிவியலை விட முடியாது.

வேலையைப் பொறுத்தவரை, வார நாட்களில் காலை ஒரு மணி நேரமும், சனி, ஞாயிறுகளில் தலா நான்கு மணி நேரமும் ஒதுக்கினால் வாரத்துக்கு 13 மணி நேரம். பன்னிரண்டு வாரத்தில் 156 மணி நேரம். ஒழுங்காகப் படிப்பவருக்கு இது குறைவான நேரமல்ல. தேர்வுக்கு முந்தைய வாரம் மட்டும் விடுப்பு எடுத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்திலும் நேர்காணலிலும் உங்கள் பணி அனுபவத்தைத்தான் கேட்பார்கள். நான்கு மாத இடைவெளிக்கு விளக்கம் சொல்லும் நிலை எதற்கு?

ஒரு விஷயத்தில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். இரண்டாவது முயற்சிக்கான தேர்வுக் கட்டணத்தை இன்றே தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். ஜிமேட்டை 16 நாட்கள் இடைவெளி விட்டு மறுபடி எழுதலாம். 12 மாதத்தில் ஐந்து முறை வரை அனுமதி உண்டு. மதிப்பெண் ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். தகுதி அடிப்படையில் உதவித்தொகை தரும் கல்லூரிகளில், கூடுதல் மதிப்பெண் கட்டணத்தின் பெரும்பகுதியைக் குறைத்துவிடக்கூடும். ஹார்வர்டு போன்ற சில இடங்களில் உதவித்தொகை பொருளாதார நிலையை மட்டுமே பார்த்துக் கொடுக்கப்படுகிறது; அங்கே மதிப்பெண் இடம் வாங்கித் தர உதவலாம், பணம் வாங்கித் தராது. பட்டியல் போடும்போதே இந்த வேறுபாட்டைப் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

காலமும் பணம்தான். பல கல்லூரிகளில் முதல் சுற்று விண்ணப்பம் செப்டம்பர் வாக்கிலும், இரண்டாவது சுற்று ஜனவரி வாக்கிலும் முடியும். பிந்திய சுற்றுகளில் உதவித்தொகைக்கான நிதி பெரும்பாலும் கரைந்திருக்கும். ஜூலையில் முதல் முயற்சி, தேவைப்பட்டால் ஆகஸ்டில் இரண்டாவது என்று வைத்துக்கொண்டால் நெருக்கடி இருக்காது. தேதியை யோசித்துப் பதிவு செய்யுங்கள். நாள் நெருங்க நெருங்கத் தேதி மாற்றும் கட்டணம் ஏறும். மதிப்பெண் அறிக்கை வந்த 48 மணி நேரத்துக்குள் ஐந்து கல்லூரிகளுக்கு இலவசமாக அனுப்பலாம். மறந்தால் ஒவ்வொன்றுக்கும் கட்டணம். விண்ணப்பக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யச் சொல்லிக் கேட்கவும் தயங்காதீர்கள். அறிமுகக் கூட்டங்களில் கலந்துகொண்டவர்களுக்குப் பல கல்லூரிகள் கொடுக்கின்றன.

ஏழு மாதச் சம்பளத்தில் மூன்றைத் தொடாமல் ஒதுக்கிவிடுங்கள். அது உங்கள் ஆறு மாதச் செலவு. மீதி நான்கில்தான் தேர்வு, விண்ணப்பம், முன்பணம் அனைத்தும்.

வரும் ஞாயிறு காலை, கைப்பேசியை அணைத்துவிட்டு, நேரம் குறித்துக்கொண்டு முதல் மாதிரித் தேர்வை எழுதுங்கள். மூன்று பிரிவுகளின் மதிப்பெண்ணையும், அந்த இளைஞரைப் போல நீங்கள் எழுதும் பிழைக் குறிப்பேட்டின் முதல் இரண்டு பக்கங்களையும் எனக்கு அனுப்புங்கள். அந்தப் பயிற்சி நிலையத்தின் ஒப்பந்தத்தையும் கையெழுத்துப் போடாமல் கூடவே இணைத்துவிடுங்கள். சேர்ந்து படித்துப் பார்ப்போம்.