உலர் தீனி மட்டும் தின்னும் கடுவன் பூனை, சொட்டுச் சொட்டாகச் சிறுநீர்

4 கிலோ கடுவன், உலர் தீனி மட்டும், இரண்டு நாளாக மணலில் உட்கார்ந்து முக்குகிறது, சொட்டுத்தான் வருகிறது என்கிறீர்கள். முதலில் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போங்கள், இன்றே. கடுவனுக்கு மூத்திரக்குழாய் குறுகல்; முழுதாக அடைத்தால் ஓரிரு நாளில் உயிரே போய்விடும்.

தீனி மாற்றம் அதற்குப் பிறகுதான். உலர் தீனியில் ஈரம் சுமார் 10 சதவீதம், பாக்கெட் ஈரத் தீனியில் 75-80. இந்த எடைக்கு உணவோடு சேர்த்து நாளுக்குச் சுமார் 200 மி.லி. தண்ணீர் தேவை, பூனையோ தானாகப் போய் அவ்வளவு குடிக்காது. 30 கிராம் தீனிக்கு 2 மேசைக்கரண்டி வெந்நீரில் தொடங்கி, மெல்லக் கூட்டுங்கள். காரைக்குடி வெயிலுக்கு நனைத்த தீனியை ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். வெறுமனே வேகவைத்த கோழித் தண்ணீர் ஊற்றலாம். சின்ன வெங்காயம், பூண்டு போட்ட நம் வீட்டுச் சாறு மட்டும் கூடாது, அது ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும்.