கெபாசிட்டரின் மின்மறுப்பை மலிவான கருவியால் அளக்க முடியுமா?

தாராளமாக முடியும். மின்மறுப்பு என்பது திசை மாறி மாறி ஓடும் மின்னோட்டத்துக்கு ஒரு பாகம் காட்டும் எதிர்ப்பு. மின்னூட்டத்தைத் தேக்கி வைக்கும் பாகமான கெபாசிட்டரில், அதிர்வெண் (மின்னோட்டம் ஒரு நொடியில் எத்தனை முறை போய்வருகிறது என்பது, ஹெர்ட்ஸில்) கூடக் கூட அது குறையும். 1 மைக்ரோஃபாரட் (தேக்கும் திறனின் அளவு) கெபாசிட்டர், டர்பனில் நம் வீட்டுக்கு வரும் 50 ஹெர்ட்ஸில் சுமார் 3,180 ஓம். 1,000 ஹெர்ட்ஸில் 159 தான்.

ஏன்? கெபாசிட்டரை ஒரு குடமாக நினையுங்கள். குடத்தில் நீர் விட்டுக்கொண்டே இருந்தால் நிரம்பி வரவு நின்றுவிடும். அதிர்வெண் கூடும்போது நடப்பதுபோல, கொஞ்சம் ஊற்றி உடனே கவிழ்த்தால் நிரம்பவே நிரம்பாது, நீர் போய்வந்துகொண்டே இருக்கும்.

சரி, அளப்போம். கைபேசியில் 100 ஹெர்ட்ஸ் ஒலி எழுப்பும் செயலி, 1,000 ஓம் ரெசிஸ்டர், மாறு மின்னழுத்தத்தை மில்லிவோல்ட் வரை காட்டும் மல்டிமீட்டர் போதும். கைபேசியில் செருகிய பழைய இயர்ஃபோன் வயரில் ரெசிஸ்டரையும் கெபாசிட்டரையும் தொடராக இணையுங்கள். ஒலியை ஓடவிட்டு, இரண்டின் வோல்ட்டையும் தனித்தனியே அளந்து, கெபாசிட்டரின் வோல்ட்டை ரெசிஸ்டரின் வோல்ட்டால் வகுத்து 1,000-ஆல் பெருக்குங்கள். 1 மைக்ரோஃபாரடுக்கு 1,590 ஓம் பக்கம் வரவேண்டும். சுவர் பிளக்கின் 230 வோல்ட்டில் தயவுசெய்து முயல வேண்டாம். லோட்ஷெடிங்குக்கு வாங்கிய இன்வெர்ட்டரில் இருந்து கழற்றிய கெபாசிட்டர் என்றால், முதலில் அதில் தேங்கிய மின்னூட்டத்தை இறக்கிவிடுங்கள்.

மல்டிமீட்டரை ஓமில் வைத்து, எண் ஏறிக்கொண்டே போவதைக் கண்டு கெபாசிட்டர் கெட்டுவிட்டது எனப் பலர் நினைக்கிறார்கள். ஓம் அளவீடு ஒரே திசையில் ஓடும் நேர்மின்னோட்டத்தில் நடப்பது, அங்கே தெரிவது கெபாசிட்டர் நிரம்புவதுதான், மின்மறுப்பு அல்ல.