மோட்சம் என்பது ‘மோகம் + க்ஷயம்’ சேர்ந்த சொல்லா?

இல்லை. மோகம் (மயக்கம்) தேய்ந்து அழிவது (க்ஷயம்) என்று பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கும் விளக்கம்தான். ஆனால் இலக்கணத்தில் நிற்காது. அவ்விரண்டும் சேர்ந்தால் ‘மோஹக்ஷயம்’ என்றே வரும், நடுவில் எழுத்துகள் காணாமல் போக வழியில்லை.

வடமொழி வேர் ‘முச்’: விடுவி, அவிழ். முக்தி, விமோசனம் எல்லாம் இதே வேர்தான். ‘முச்’சின் ‘செய்ய விரும்பும்’ வடிவிலிருந்து வந்தது மோக்ஷம். விடுதலையை நாடுபவர் ‘முமுக்ஷு’. ரிக்வேதம் 7.59.12, அதாவது மிருத்யுஞ்சய மந்திரத்தில், காம்பிலிருந்து விடுபடும் வெள்ளரிப்பழம் போல மரணத்திலிருந்து விடுபடுவேனாக என்று வரும் ‘முக்ஷீய’வும் இதே வேர்தான். அங்கே கேட்பது சாவிலிருந்து விடுதலை. பிறவிச் சுழலிலிருந்து அல்ல. அந்தப் பொருள் உபநிடதங்களில்தான் தெளிவாகிறது. சுவேதாசுவதரம் 6.16 சம்சாரம், மோக்ஷம், பந்தம் மூன்றையும் ஒரே வரியில் வைக்கிறது. அறம், பொருள், இன்பம் என்ற மூன்றோடு நான்காவதாக இது சேர்ந்ததும் பிற்பாடுதான்.

பஞ்சாங்கம் பழைய பொருளை விடவில்லை: கிரகணம் விடும் நேரம் ‘மோட்ச காலம்’.

சொர்க்கத்தோடு குழப்ப வேண்டாம். புண்ணியம் தீர்ந்தால் சொர்க்கத்திலிருந்து திரும்ப வேண்டும். மோட்சத்தில் அது இல்லை. தமிழ்க் கிறிஸ்தவர்கள் விண்ணுலகை ‘மோட்சம்’ என்பது தனி வழக்கு. பௌத்தர்கள் விடுதலையைச் சொல்லும் ‘நிர்வாணம்’ வேறு வேர்: ‘வா’, வீசுதல்; விளக்கு அணைவது.